குதிரை தோற்றது காட்டிலல்ல

சுவீடனில் இன்று ஏறத்தாழ 3.5 லட்சம் குதிரைகள் இருக்கின்றன. ஒரு கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு இது சின்ன எண்ணிக்கை அல்ல. சவாரிப் பள்ளிகளிலும், வண்டி பூட்டி ஓட்டும் பந்தயத் திடல்களிலும், ஊர்ப்புறத்து வீடுகளின் கொட்டகைகளிலும் அவை சுகமாகவே வாழ்கின்றன. நூறாண்டுக்கு முன், 1920-ஐ ஒட்டி, அங்கே 7 லட்சம் குதிரைகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை கோடையில் வயலில் உழைத்தன. வடக்கே இருந்தவை குளிர்காலத்தில் காட்டுக்குப் போய், வெட்டிப் போட்ட மரத்தடிகளை ஆற்றங்கரைக்கு இழுத்து வந்தன. இன்று தடி இழுக்கும் குதிரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக, நூறாண்டில் குதிரை பாதியாகக் குறைந்தது. தொழிலோ ஏறக்குறைய முழுதும் போயிற்று. இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இயந்திரம் வந்தது, குதிரை போனது என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், இந்தத் தொழிலை உயிரோடு வைத்திருக்க பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் இன்று பாடுபடுகிறவர்கள் பழமைப் பித்துப் பிடித்தவர்களாகத்தான் தெரிவார்கள். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. நிற்கும் மரங்களுக்கு நடுவே குதிரை பெரும்பாலும் தோற்கவில்லை. அது தோற்ற இடம் வயல். வயல் கைவிட்ட குதிரைக்குக் காடு ஒன்றே வருஷம் முழுக்கத் தீவனம் போட முடியாமல் போயிற்று. இந்தத் தொழிலைக் காப்பாற்ற நினைக்கும் எவரும் இந்தத் தீவனக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் குதிரையின் பலத்தைப் பற்றிய ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். நாள் முழுக்க வேலை செய்யும் குதிரை தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஏழில் ஒரு பங்கு விசையோடுதான் தொடர்ந்து இழுக்கும். 700 கிலோ குதிரைக்கு அது 70 முதல் 100 கிலோ. சில நொடிகளுக்கு அதைப்போலப் பல மடங்கு இழுத்துக் காட்டும். நொடிக் கணக்கில் பிழைப்பு நடக்காது. வெறும் மண்ணில் இழுபடும் தடியின் உராய்வோ அதன் எடையில் பாதிக்குக் குறையாது. அப்படியானால் ஒரு குதிரை ஓயாமல் இழுக்கக்கூடிய தடி இருநூறு கிலோவுக்குப் பக்கத்தில்தான். அதே தடியைப் பனியின் மேல் சறுக்குவண்டியில் ஏற்றினால் உராய்வு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. ஐஸ் பிடித்த தடத்தில் இன்னும் குறைகிறது. வடநாட்டு மரத்தொழில் முழுவதும் குளிர்காலத் தொழிலாக இருந்ததற்கு இந்த எளிய கணக்குதான் காரணம். ஆறு உறையும் காலத்தில் வெட்டி, பனித்தடத்தில் இழுத்து, கரையில் அடுக்கிவைத்து, வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வரும்போது தடிகளை ஆற்றில் விட்டார்கள். பனியில்லாத மாதங்களுக்கு வேறு தந்திரம் வேண்டியிருந்தது. மிச்சிகன் மாநிலத்து மனிஸ்டீயில் சைலஸ் ஓவர்பேக் என்ற வண்டிப்பட்டறைக்காரர் 1875 வாக்கில் பத்தடி உயரம் வரை போகும் ராட்சதச் சக்கரங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். தடியின் முன்முனையை அச்சுக்குக் கீழே தூக்கிக் கட்டிவிட்டால் வால்முனை மட்டுமே மண்ணில் உரசும். குதிரை அதே குதிரைதான், உராய்வு குறைந்தது.

ஐஸ் தடம் போடுவது தனிக் கலை. மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் இரவு நேரத்தில், குளிர் கடுமையாக இருக்கும்போது, தண்ணீர்த் தொட்டி ஏற்றிய சறுக்குவண்டி காட்டுப்பாதையில் போகும். தொட்டியின் பின்னாலிருந்து தண்ணீர் இரு கோடுகளாக வழிந்து, பாதையில் வெட்டிவைத்த இரண்டு பள்ளங்களில் விழுந்து உறையும். காலையில் சுமைவண்டியின் சறுக்குக்கட்டைகள் அந்தப் பள்ளங்களில் தண்டவாளத்தில் போவதுபோல் போகும். பாதையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. குதிரைச் சாணியை உடனுக்குடன் அள்ளுவது அவன் வேலை, ஏனென்றால் சாணி கிடந்தால் வண்டி அதில் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். இறக்கம் வந்தால் கதை தலைகீழ்: அங்கே வைக்கோலைப் பரப்பி உராய்வைக் கூட்ட வேண்டும். கொஞ்சம் குறைவாகப் பரப்பினால் சுமை குதிரைகளை முந்திக்கொண்டு வந்து அவற்றை நசுக்கிவிடும். அப்படிச் செத்த ஜோடிகள் பல. 1893 பிப்ரவரியில் மிச்சிகனின் யூயென் அருகே 50 வெள்ளைப் பைன் தடிகளை, மரவியாபார அளவில் 36,055 போர்டு அடி, ஒரே சறுக்குவண்டியில் கட்டிட உயரத்துக்கு அடுக்கி ஒரே ஒரு ஜோடிக் குதிரை இழுத்தது. அந்தச் சுமையை அப்படியே பிரித்து ரயிலேற்றி, அந்த ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் மறுபடி அடுக்கிக் காட்டினார்கள். புகைப்படத்தைப் பார்ப்பவர்கள் குதிரைகளைத்தான் வியக்கிறார்கள். எனக்கு அந்தச் சுமை நகர்ந்த கால் மைல் ஐஸ் தடத்தைப் போட்டவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். விளம்பரத்துக்காகச் செய்த வேலை, அன்றாட வேலை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்க முகாம்களில் குதிரை பெரும்பாலும் கம்பெனியின் சொத்து. சுவீடன், பின்லாந்தில் நிலைமை வேறு. என் வாதத்துக்கு அதுதான் முக்கியம். அங்கே குதிரை சிறு விவசாயியின் குதிரை. வட சுவீடனின் சிறுகாணிக்காரனுக்குக் கோடை நான்கைந்து மாதம். அதற்குள் உழுது, விதைத்து, புல் அறுத்துக் காயவைத்து முடிக்க வேண்டும். மிச்ச மாதங்களில் குதிரை கொட்டகையில் நின்று தின்னும். நிற்கிற நாளிலும் தின்னும் என்பதுதான் குதிரைக்கும் டிராக்டருக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம். ஆகவே பனி விழுந்ததும் அவன் மரக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, வெட்டுவதற்கு ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு, குதிரையோடு காட்டுக்குப் போனான். அங்கே குடிசை ஒன்று, குதிரைக்குத் தடுப்பு ஒன்று. விடியுமுன் எழுந்து முதலில் தீவனம் வைப்பவனும் இரவில் கடைசியாகப் படுப்பவனும் குதிரைக்காரன்தான். காட்டில் கிடைத்த கூலி வயலின் பற்றாக்குறையை அடைத்தது. வயலின் புல் காட்டுக் குதிரைக்குத் தீவனமானது. கம்பெனிக்கு இதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது. வருஷத்தில் பாதி நாள் குதிரையைப் பராமரிக்கும் செலவை விவசாயக் குடும்பம் ஏற்றுக்கொண்டிருந்தது, அதற்குக் கணக்கெழுதாமலே. அரசும் இந்த இரட்டைப் பயனைக் கருதித்தான் இனவிருத்தியில் கைவைத்தது. யாம்ட்லாந்தின் வோங்கனில் 1903-இல் தொடங்கிய பொலிகுதிரைப் பண்ணை, வயலுக்கும் காட்டுக்கும் பொதுவான வடசுவீடன் குதிரையை வளர்த்தெடுக்கவே ஏற்பட்டது. பின்லாந்து தன் நாட்டுக் குதிரைக்கு 1907-இல் இனப்பதிவேடு திறந்தது.

இயந்திரம் காட்டுக்குள் வந்த வரிசையைப் பார்த்தால் குதிரை எங்கே நிலைத்தது, எங்கே நிலைக்கவில்லை என்பது தெரியும். மெய்ன் மாநிலத்து வாட்டர்வில்லில் ஆல்வின் லம்பார்ட் 1901-இல் காப்புரிமை பெற்ற நீராவி இழுவை, பிற்கால டாங்குகளுக்கும் புல்டோசர்களுக்கும் முன்னோடியான சங்கிலிப் பட்டையில் ஓடியது. சுமை ஏற்றிய சறுக்குவண்டிகளை ரயில்போலக் கோத்து இழுத்தது. அது பறித்தது குதிரையின் நீண்ட ஓட்டத்தை மட்டுமே. வெட்டிய இடத்திலிருந்து பாதைவரை, அடிக்கட்டைகளுக்கும் நிற்கும் மரங்களுக்கும் இடையே தடியை வளைத்து வளைத்துக் கொண்டுவரும் வேலை குதிரையிடமே இருந்தது, இன்னும் அரை நூற்றாண்டுக்கு. லாரி வந்தபோதும் அப்படியே. தூரம் இயந்திரத்துக்கு, கிட்டம் குதிரைக்கு என்ற பங்கீடு பல காடுகளில் 1950-கள் வரை நீடித்தது.

இதற்கு எதிராக ஒரு வலுவான சான்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் விலங்குகள் தோற்றது காட்டிலேதான். கலிபோர்னியாவின் யுரேகாவில் ஜான் டால்பியர் 1881-இல், வடத்தைச் சுருட்டித் தடியை இழுக்கும் ஒரு நீராவி வின்ச்சை உருவாக்கினார். அதுவரை செம்மரப் பேரடிகளை எண்ணெய் தடவிய கட்டைப்பாதைகளில் நீண்ட மாட்டு வரிசைகளும் குதிரை வரிசைகளும் இழுத்து வந்தன. ஒரு தடியே பல டன் என்ற காட்டில், பனியும் இல்லாத சரிவில், கம்பிவடத்தோடு எந்த விலங்கும் போட்டியிட முடியாது. சில ஆண்டுகளுக்குள் மாட்டு வரிசைகள் மறையத் தொடங்கின. ஆனால் அந்த வின்ச் எப்படி வேலை செய்தது என்பதையும் கவனிக்க வேண்டும். வடம் போகும் வழியில் இருந்த அனைத்தையும் அது தகர்த்துக்கொண்டு வந்தது. எல்லா மரத்தையும் வெட்டித் தீர்க்கும் காட்டில் அது குற்றமில்லை. ஒன்றை எடுத்து ஒன்பதை விட்டுவைக்க வேண்டிய காட்டில் அது உதவாது. குதிரை தோற்றது காட்டிலல்ல என்று நான் சொல்வது இந்த இரண்டாம் வகைக் காட்டைப் பற்றி மட்டுமே.

அந்தக் காட்டின் குதிரையை வீழ்த்தியது வயலுக்கு வந்த டிராக்டர். பிரிட்டனின் கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான சாம்பல் நிறக் குட்டி ஃபெர்குசன் டிராக்டர், சிறுகாணிக்காரனும் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் வந்தது. உழவுக்கும் புல் அறுக்கவும் டிராக்டர் வாங்கிய வீட்டில் குதிரைக்கு நான்கு மாதக் குளிர்கால வேலை மட்டும் மிஞ்சியது. நான்கு மாதக் கூலிக்குப் பன்னிரண்டு மாதத் தீவனம் கட்டுபடியாகாது. 1950-களின் தொடக்கத்தில்கூட வட சுவீடனில் தடியைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது பெரும்பாலும் குதிரைதான். இருபதாண்டுக்குள் அது ஏறக்குறைய இல்லாமல் ஆயிற்று. இந்த இடைவெளியில் தடிகளைச் சுமந்து வெளியே கொண்டுவர, காட்டுக்கென்றே உருவாக்கிய ஃபார்வர்டர் இயந்திரங்கள் வந்தன என்பது உண்மை. கூலி உயர்ந்தது, குளிர்காலக் குடிசையில் அடைந்துகிடக்க இளைஞர்கள் மறுத்தார்கள், தொழிற்சாலை அழைத்தது என்பதும் உண்மை. ஆனால் தொழிற்சாலைக்குப் போனவன் யார்? குதிரையும் காணியும் வைத்திருந்த அதே சிறு விவசாயி. காணி கைவிடப்பட்டதும் புல்லும் கொட்டகையும் குதிரையும் ஒன்றாகவே போயின. பின்லாந்தில் 1950-களில் சுமார் நான்கு லட்சமாக இருந்த நாட்டுக் குதிரை 1987-இல் 14,100 ஆகச் சுருங்கியது. பிரிட்டனில் சஃபோக் பஞ்ச் என்ற உழவுக் குதிரை இனத்தில் 1966-ஆம் ஆண்டு முழுவதும் பதிவான குட்டிகள் ஒன்பது. ஜெர்மனியின் கறுப்புவனக் குதிரையில் 1981-இல் எஞ்சிய இனவிருத்திப் பெட்டைகள் 160 அளவில். சஃபோக் காட்டுக் குதிரையே அல்ல, களிமண் வயலின் குதிரை. அதுவும் அதே காலத்தில் அதே வேகத்தில் சரிந்தது. காட்டு இயந்திரம்தான் காரணம் என்றால் இந்த ஒற்றுமைக்கு விளக்கம் இல்லை.

எது அழிந்தது என்பதைச் சரியாகச் சொல்ல, அந்த வேலையைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்க வேண்டும். பெல்ஜியமும் பிரான்சும் சந்திக்கும் ஆர்டென் காடுகளில் குதிரைக்காரர் கையில் இருப்பது இரட்டை வார் அல்ல, ஒற்றைக் கயிறு. ஒரே சீராக இழுத்தால் குதிரை இடப்பக்கம் திரும்பும். வெட்டி வெட்டி இழுத்தால் வலப்பக்கம். கூடவே வாய்ச்சொல். பழகிய குதிரைக்குக் கயிறு வேண்டியதே இல்லை, சொல் போதும். மறு கை இதனால் விடுபடுகிறது; அந்தக் கையில் சங்கிலியோ தடி புரட்டும் கொக்கியோ இருக்கும். குதிரையின் கழுத்துப் பட்டையிலிருந்து இருபுறமும் வரும் இழுவைச் சங்கிலிகள், பின்னங்காலுக்குப் பின்னால் ஒரு குறுக்குக்கட்டையில் சேரும். அதன் நடுவிலுள்ள கொக்கியில் தடியைச் சுற்றிய சங்கிலி மாட்டும். தடியின் முனைக்கு எவ்வளவு அருகே சுருக்குப் போடுவது, முடிச்சு மேலே வரவேண்டுமா பக்கத்தில் வரவேண்டுமா என்பதெல்லாம் தற்செயல் அல்ல: பக்கவாட்டில் போட்ட சுருக்கு, இழுத்ததும் தடியை ஒரு புரள் புரட்டி, மண்ணில் புதைந்திருந்ததை விடுவிக்கும். தடி அடிக்கட்டையில் மோதினால் முட்டாள் குதிரை இன்னும் வேகமாக இழுக்கும். சங்கிலியோ வாரோ அறும். நல்ல குதிரை நின்றுவிடும். ஓரடி பக்கமாக நகர்ந்து, கோணத்தை மாற்றி, மறுபடி சாயும். குதிரைக்காரர் வளைவின் உள்பக்கத்தில் நிற்கவே மாட்டார், சரிவில் தடிக்குக் கீழே ஒருபோதும் வரமாட்டார். வட அமெரிக்காவில் ஆள் துணையின்றிக் குவிப்பிடத்துக்குத் தனியே தடியைக் கொண்டுபோய், அங்கே கழற்றிவிட்டதும் தானே திரும்பிவரும் குதிரைகள் உண்டு. இவை எதுவும் குதிரையின் இனத்தில் இல்லை, புத்தகத்திலும் இல்லை. பழகிய ஒரு குதிரையும் பழகிய ஓர் ஆளும் சேர்ந்த இடத்தில் மட்டுமே இருக்கின்றன.

இனத்தைக் காப்பதும் தொழிலைக் காப்பதும் ஒன்றல்ல என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பின்லாந்தின் குதிரை அழிவிலிருந்து மீண்டது உண்மை, ஆனால் பெரும்பாலும் பந்தயத்தின் தயவில். 1971-இல் பதிவேட்டை நான்காகப் பிரித்தபோது ஓட்டப்பந்தயப் பிரிவே பெரும்பான்மை. வேலைக் குதிரைப் பிரிவு சிறு எண்ணிக்கை. பிரான்சில் நடந்தது இன்னும் கசப்பானது: பார இனங்கள் தப்பியதற்கு இறைச்சிச் சந்தை ஒரு பெரிய காரணம். உழைப்புக்குத் தேவை இல்லாதபோது எடைக்கு விலை வந்தது. எடைக்காக வளர்த்ததால் ஆர்டென் போன்ற இனங்கள் கால் கனத்து, உடல் பெருத்து, காட்டு வேலைக்கு வேண்டிய துடிப்பை இழந்தன என்று குதிரைக்காரர்களே குறைப்படுவார்கள். பெல்ஜியத்தின் லிப்ரமோனில் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் விவசாயக் கண்காட்சியில் தடி இழுக்கும் போட்டி உண்டு; நட்டுவைத்த குச்சிகள் விழாமல் தடியை வளைத்துக் கொண்டுபோக வேண்டும். பார்க்க அழகு. வருகிறவர்களுக்குத் தொழிலை அறிமுகப்படுத்துகிறது. ஆனால் அரைமணி நேரப் போட்டியில் தேறும் குதிரை, நவம்பர் மழையில் சேற்றுச் சரிவில் ஆறு மணி நேரம் நிதானம் இழக்காமல் நிற்குமா என்பதைப் போட்டி சொல்லாது.

தமிழ் வாசகருக்கு இதை விளங்கிக்கொள்ள ஆனைமலையைவிட நல்ல இடம் இல்லை. டாப்ஸ்லிப்பைச் சுற்றிய காடுகளில் தேக்குத் தடிகளைச் சரிவின் விளிம்புக்கு இழுத்து வந்தவை யானைகள். அவற்றை நடத்தியவர்களில் மலசர் பாகன்கள் முக்கியமானவர்கள். தடி இழுக்கும் வேலை நின்ற பிறகும் கோழிகமுத்தியிலும் தெப்பக்காட்டிலும் முகாம்கள் தொடர்ந்ததற்குக் காரணம், கும்கி என்ற இன்னொரு வேலை இருந்ததுதான். ஊருக்குள் புகும் காட்டு யானையை விரட்டவும் பிடிக்கவும் பழகிய யானையையும் பாகனையும் விட்டால் வனத்துறைக்கு வழியில்லை. ஆகவே பாகனின் அறிவு கைமாறிக்கொண்டே வருகிறது. ஆனால் தடியைத் தந்தத்திலும் துதிக்கையிலும் நிறுத்திச் சமன் செய்யும் அறிவு அதோடு சேர்ந்து வரவில்லை. மியான்மரில் இதன் மறுபக்கம். அங்கே ஆயிரக்கணக்கான யானைகள் அரசு மரத்தொழிலில் இருந்தன. 2014-இல் முழுத் தடி ஏற்றுமதி நிறுத்தப்பட்டு, பின்னர் வெட்டுதலும் குறைக்கப்பட்டபோது, காட்டுக்கு அது நல்ல செய்தி. யானைகளும் பாகன்களும் வேலையற்று நின்றார்கள். வேலை போனால் விலங்கு மிஞ்சலாம், ஆள் மிஞ்சலாம், இரண்டுக்கும் இடையே இருந்தது மட்டும் மிஞ்சாது.

அப்படியானால் ஐரோப்பியக் காட்டில் இன்று குதிரைக்கு உண்மையான வேலை உண்டா? உண்டு என்பதற்கு மண்தான் சாட்சி. வெட்டி, கிளை சீவி, துண்டு போடும் ஹார்வெஸ்டர் இருபது டன் அளவில் இருக்கும். சுமை ஏற்றிய ஃபார்வர்டர் முப்பது டன்னையும் தாண்டும். ஈரமான களிமண்ணில் அவை ஓடிய தடம் பல பத்தாண்டுகளுக்கு இறுகிக் கிடக்கும். நீர் இறங்காது, வேர் ஓடாது. இதை அறிந்துதான் ஜெர்மனியில் இயந்திரம் கண்ட இடத்திலும் ஓடக்கூடாது, நிரந்தரத் தடங்களில் மட்டுமே ஓடலாம் என்ற ஒழுங்கு வந்தது. தடங்களுக்கு இடைவெளி வழக்கமாக 20 மீட்டர். ஹார்வெஸ்டரின் கை தடத்தின் ஒவ்வொரு பக்கமும் அதில் பாதித் தூரம்தான் எட்டும். தடத்தின் அகலம் நான்கு மீட்டர் என்றால் காட்டு நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தடத்துக்கே போயிற்று. இடைவெளியை 40 மீட்டராக்கினால் இழப்பு பாதியாகும். ஆனால் நடுவிலுள்ள மரங்கள் கைக்கு எட்டாது. அந்த எட்டாத பட்டையில் ஆள் வெட்ட, குதிரை தடியைத் தடத்தோரம் கொண்டுவந்து போட, மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கே நடைமுறையில் இருக்கிறது. கிட்டம் குதிரைக்கு, தூரம் இயந்திரத்துக்கு என்ற லம்பார்ட் காலத்துப் பங்கீடு வேறு காரணத்துக்காகத் திரும்பி வந்திருக்கிறது.

இதற்கு அறிவியல் தெரிந்தவர்கள் சொல்லும் ஆட்சேபம் ஒன்று உண்டு: குளம்பின் பரப்பு சிறியது, 800 கிலோ குதிரை முழுப் பலத்தோடு சாயும்போது ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் அழுத்தம், அகலமான டயரின் அழுத்தத்தைவிட அதிகம். கணக்கு சரிதான். குதிரை மண்ணைத் தொடுவதே இல்லை என்பதுபோல் பேசும் அதன் அன்பர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் இரண்டு. மேல்மண்ணை இறுக்குவது பரப்பழுத்தம். ஆழத்து மண்ணை இறுக்குவது மொத்த எடை. மேலிறுக்கத்தை உறைபனியும் மண்புழுவும் சில ஆண்டுகளில் தளர்த்திவிடும். அரை மீட்டர் ஆழத்து இறுக்கத்தை எளிதில் எதுவும் தளர்த்தாது. அடுத்து, குளம்பு புள்ளி புள்ளியாக மிதிக்கிறது. சக்கரம் கோடாக அழுத்துகிறது. கோடு சரிவில் வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். ஆனால் ஒரே பாதையில் நூறு முறை நடந்த குதிரையும் சேற்றுப் பள்ளம் போடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எந்தப் பாதையில் எத்தனை முறை என்று தீர்மானிப்பதும் குதிரைக்காரரின் தொழிலறிவில் சேர்ந்தது.

வேகத்தைப் பற்றிய ஆட்சேபத்தோடு வாதாடுவதில் பொருளில்லை. குதிரை ஒருநாள் முழுக்க இழுப்பதை ஃபார்வர்டர் ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடும். 1999 டிசம்பரில் லோதார் புயல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் காடுகளைச் சாய்த்தபோது, ஒன்றின் மேல் ஒன்றாக முறுக்கிக் கிடந்த மரங்களுக்குள் குதிரையை விடுவது கொலைக்குச் சமம், அங்கே இயந்திரம்தான். விலங்கை வதைப்பது என்ற குற்றச்சாட்டும் பழைய காலத்துக்குப் பொருந்தும். ஐஸ் இறக்கத்தில் நசுங்கிய ஜோடிகளே அத்தாட்சி. இன்றைய குதிரைக்காரருக்கு அவருடைய குதிரைதான் மூலதனம், அது நொண்டினால் அன்றைக்கு வருமானம் இல்லை. இது கருணைக்கு உத்தரவாதம் ஆகாது, ஆனால் கவனத்துக்கு ஒரு காரணம்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கடினமாகப் படுவது ருமேனியாவிலிருந்து வரும் ஆட்சேபம். கார்பேதிய மலைகளில் குதிரை தடி இழுப்பது பாரம்பரியமும் அல்ல, புத்துயிர்ப்பும் அல்ல; அன்றாடப் பிழைப்பு. 1991-இன் நிலச் சட்டத்துக்குப் பிறகு காடு துண்டு துண்டாகப் பழைய உடைமைக்காரர்களின் வாரிசுகளுக்குத் திரும்பியது. அந்தச் சிறு துண்டுகளுக்கும் செங்குத்துச் சரிவுகளுக்கும் குதிரை பொருந்துகிறது. கூலி குறைவு, வேலை ஆபத்தானது, பிள்ளைகள் மேற்கே போய்விடுகிறார்கள். ஆக, இந்தத் தொழில் வறுமை உள்ள இடத்தில் தானாக வாழ்கிறது, செல்வம் உள்ள இடத்தில் மானியத்தில் வாழ்கிறது. நடுவில் அதற்கு இடமில்லை என்று ஒருவர் சொன்னால் சட்டென்று மறுக்க முடியாது. ஆனால் ருமேனியக் குதிரையையும் கவனித்துப் பாருங்கள். அது கோடையில் புல் வண்டி இழுக்கிறது, உருளைக்கிழங்கு வயலில் கலப்பை இழுக்கிறது. அங்கே வறுமை மட்டும் அல்ல, வயலும் குதிரையை விட்டுவிடவில்லை. பழைய சுவீடனின் கணக்கு அங்கே இன்னும் நிற்கிறது.

மேற்கில் இந்தக் கணக்கை வேறு பொருள்களைக் கொண்டு நிரப்பப் பார்க்கிறார்கள். நம்பிக்கை இருந்தால் அதில்தான் இருக்கிறது. பிரிட்டனில் குளிர்காலம் முழுதும் தடி இழுக்கும் குதிரைகள், கோடையில் மலைச்சரிவுகளில் புதராக மண்டும் பிராக்கன் பெரணியை உருளை இழுத்து நசுக்கும் வேலைக்குப் போகின்றன. அங்குள்ள குதிரை மரத்தொழிலாளர் சங்கத்துக்கு, வேல்ஸ் இளவரசராக இருந்த காலத்தில் சார்லஸ் புரவலராக இருந்தார். புதியவர்களைத் தொழில் பழக்கும் ஏற்பாடும் உண்டு. பிரான்சில் திராட்சைத் தோட்டங்கள் கைகொடுக்கின்றன. போர்டோவின் பொந்தே-கானே தோட்டம் 2008 முதல் கொடிவரிசைகளுக்கு நடுவே குதிரையைக் கொண்டு உழுகிறது. காரணம் அங்கேயும் மண் இறுக்கம்தான். ஆனால் ஒயின் விற்பவர் அந்தச் செலவைப் பாட்டிலின் விலையில் ஏற்றிவிடலாம், லேபிளில் குதிரையின் படத்தையும் போடலாம். பலகை விற்பவருக்கு அந்த வசதி இல்லை; எந்தக் குதிரை இழுத்த பலகை என்று கடையில் யாரும் கேட்பதில்லை.

ஆகவே காட்டில் இந்தச் செலவை ஏற்க வேண்டியவர் காட்டின் உடைமையாளர், பெரும்பாலும் அரசு அல்லது ஊராட்சி. இங்கேதான் கூலி முறை குறுக்கே நிற்கிறது. மரத்தொழில் ஒப்பந்தங்களில் கன மீட்டருக்கு இவ்வளவு என்பதே வழக்கம். குதிரை மிகவும் பொருந்துவது இளங்காட்டை முதல்முறை கலைக்கும்போது: மரங்கள் நெருக்கமாக நிற்கும், எடுக்க வேண்டியவை மெலிந்தவை. மெலிந்த தடியில் கன மீட்டர் சேரப் பல நடை நடக்க வேண்டும். அதாவது, குதிரை எங்கே அதிகம் தேவையோ அங்கே கன மீட்டர்க் கூலி மிகக் குறைவாகக் கட்டுகிறது. ஜெர்மனியில் பல இடங்களில் மணிக்கணக்கில் கூலி தருவதும், சில மாநிலங்கள் குதிரை இழுவைக்கு உதவித்தொகை தருவதும் இதைச் சரிசெய்யத்தான். உதவித்தொகை ஆண்டு வரவுசெலவைப் பொறுத்தது. குதிரையை மூன்று வயதில் பழக்கத் தொடங்கினால் ஐந்தாறு வயதில்தான் முழு வேலைக்குத் தேறும். பிறகு பதினைந்து ஆண்டு உழைக்கும். கற்றுக்கொள்ளும் ஆளுக்கும் அதே அளவு காலம் வேண்டும், பழகிய குதிரை ஒன்றும் வேண்டும். தடங்களின் இடைவெளியை 40 மீட்டர் என்று வைத்து, நடுப்பட்டையின் வேலையைப் பல ஆண்டு ஒப்பந்தமாகத் தரும் காட்டு நிர்வாகம் இருந்தால், ஒரு குதிரைக்காரர் அதை நம்பி இன்று ஒரு குட்டி வாங்கலாம்.